பழைய ஹைலக்ஸும் வீட்டு முற்றமும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், கோப்பாயில் என் வீட்டு மாமரத்தின் கீழ் 1991ஆம் ஆண்டு ரொயோட்டா ஹைலக்ஸ் ஒன்றின் எஞ்சினையும் பிறேக்கையும் முழுதாகக் கழற்றித் திருத்திய கதையை எழுதியிருந்தேன். மாதிரி இலக்கம் எல்.என். 106, 3எல் என்று பெயருள்ள டீசல் எஞ்சின், 2779 சிசி, நாலு சிலிண்டர். வந்த கடிதங்களில் பெரும்பகுதி எஞ்சினைப் பற்றியவை. பிறேக்கைக் கேட்டவர்கள் மூன்று பேர்தான். அவர்களுக்கே முதலில் பதில் எழுதுகிறேன். நானும் அந்த வாகனத்தில் எஞ்சினைத்தான் முதலில் பிடித்தேன், பிறேக்கைக் கடைசியில் அவசரமாக முடித்தேன். அதன் பலனைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தபோது வரியும் டொலர் விலையும் சேர்ந்து புதுப் பிக்கப்பை எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டன. முப்பது வருடம் ஓடிய வாகனத்தை இன்னும் பத்து வருடம் ஓட்டித்தான் ஆகவேண்டும் என்ற நிலையில் எழுதுகிறீர்கள் என்பது எனக்கு விளங்குகிறது.

கேள்வி: ஐயா, நான் மீன் ஏற்றி இறக்குபவன். 2எல் எஞ்சின் பூட்டிய பழைய ஹைலக்ஸ். பிறேக் பெடல் பாதிவரை சும்மா போகிறது, இரண்டு தரம் அடித்தால்தான் பிடிக்கிறது. பின்பக்கக் குழாய் துருப்பிடித்து ஒழுகியபோது குளிர்சாதனப் பெட்டிக்குப் போடும் செப்புக் குழாயை வளைத்துப் போட்டோம். பிறேக் ஒயில் குறைந்த நேரம் கையில் இருந்த பவர் ஸ்ரியறிங் ஒயிலைக் கொஞ்சம் ஊற்றினேன். இப்போது என்ன மாற்ற வேண்டும்? – பேசாலை வாசகர்

பதில்: தம்பி, வாகனத்தை இன்றைக்கே நிறுத்துங்கள். நாளைய மீனுக்கு வேறு வாகனம் பிடியுங்கள்.

பெடலை மிதித்ததும் ஒயிலைச் சில்லுகளுக்குத் தள்ளுவது மாஸ்ரர் சிலிண்டர். அதற்குரியது டொட் 3 என்ற தரத்துப் பிறேக் ஒயில். அதை ஒயில் என்று சொன்னாலும் அது பெற்றோலியத்தில் வந்த எண்ணெய் அல்ல, கிளைக்கோல் வகைத் திரவம். உள்ளே இருக்கும் கப் றப்பர்கள் அந்தத் திரவத்துக்கென்றே செய்தவை. பவர் ஸ்ரியறிங் ஒயில், எஞ்சின் ஒயில், கிறீஸ், மண்ணெண்ணெய் எது பட்டாலும் அந்த றப்பர் ஊதிவிடும். ஊதிய கப்பின் உதடு மடிந்தால் அமுக்கம் பின்னால் ஓடும், பெடல் இறங்கும். சில வேளை மாஸ்ரருக்குள் ஒயில் திரும்பி வரும் சின்னத் துவாரத்தை அதே கப் அடைத்துக்கொள்ளும். அப்போது காலை எடுத்த பிறகும் பிறேக் விடாது, சில்லு சூடேறும்.

மண்ணெண்ணெயை ஏன் இதில் சேர்த்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். 1990களில் வடக்குக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டிய ஆட்கள் நாங்கள். சாமான் கழுவுவதும் மண்ணெண்ணெயில்தான். அந்தப் பழக்கத்தில் என் ஹைலக்ஸின் பின் வீல் சிலிண்டர்களையும் (சில்லுக்குள் பிறேக் ஷூவைத் தள்ளுபவை) மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, அப்படியே புதுக் கப் போட்டுப் பூட்டினேன். நாலாம் நாள் ஆனையிறவு தாண்டிப் பரந்தனுக்குப் போகும் வழியில் ஒரு மாடு குறுக்கே வந்தது. மிதித்தேன். பெடல் கிட்டத்தட்டத் தரைக்குப் போய்விட்டது. முன் சில்லுகள் மட்டும் கொஞ்சம் பிடித்தன. கியரை இரண்டுக்கு இறக்கி, கைப்பிறேக்கை இழுத்து, வீதியோரப் புல்லுக்குள் விட்டுத்தான் நிறுத்தினேன். பக்கத்தில் என் பேத்தி இருந்தாள். வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தால் நாலு நாள் பழைய கப் கையில் சவ்வரிசிபோல் குழைந்தது.

ஆகவே ஒயிலை உறிஞ்சி எடுத்துப் புதிதை ஊற்றினால் காணாது. அந்த எண்ணெய் தொட்டிருக்கக்கூடிய றப்பர் எல்லாம் போகவேண்டும்: மாஸ்ரர் கிட் (அதன் றப்பர்த் தொகுதி), முன் டிஸ்க்கைப் பிடிக்கும் கலிப்பரின் சீல்கள், பின் வீல் சிலிண்டர் கப்கள், றப்பர் ஹோஸ்கள் அத்தனையும். பின் அச்சுக்கு மேலே சேஸியில், பாரத்துக்கேற்பப் பின் பிறேக்கின் அமுக்கத்தை மாற்றும் சுமை வால்வு இருக்கிறது, அதற்குள்ளும் றப்பர் உண்டு. அதை முழுதாக மாற்றுங்கள். எஞ்சும் உருக்குக் குழாய்களைப் புதுப் பிறேக் ஒயிலால் பல தரம் கழுவி வெளியே விடுங்கள். மாஸ்ரரையும் வீல் சிலிண்டரையும் பிறேக் ஒயிலிலோ பிறேக் கிளீனரிலோ மட்டும் கழுவுங்கள். வீல் சிலிண்டரின் உட்சுவரில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எங்காவது தட்டினால் அது துருக் குழி. அப்படியான சிலிண்டருக்குக் கிட் போடுவது வீண், புதிது வாங்குங்கள்.

அந்தச் செப்புக் குழாயைக் கழற்றி எறியுங்கள். குளிர்சாதனப் பெட்டிக்குரிய குழாய் இந்த அமுக்கத்துக்குச் செய்யப்பட்டதல்ல. சேஸி அதிரும்போது செப்பு இறுகி இறுகி ஒரு நாள் வாய்ப் பக்கத்தில் வெடிக்கும். பிறேக்குக்கென்று விற்கும் உருக்குக் குழாய் அல்லது செப்பும் நிக்கலும் கலந்த குழாய் வாங்கி, முனையை இரட்டையாக மடித்து விரிக்க வேண்டும். ஒற்றை மடிப்பு போதாது. உங்களுக்கு நிக்கல் கலந்ததே நல்லது, உப்புக்குத் துருப்பிடிக்காது. உங்கள் குழாய் துருப்பிடித்ததற்குக் காரணம் மீன் பெட்டிகளிலிருந்து வடிகிற தண்ணீர். தட்டின் ஒரு மூலையில் ஓட்டை போட்டு, ஒரு ஹோஸைப் பூட்டி, சேஸியில் படாமல் தண்ணீரைக் கீழே இறக்குங்கள். பின்னேரம் நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள்.

பிறேக் குழாய்களுக்குள் நிற்கும் காற்றை எடுக்கும்போது மாஸ்ரருக்கு மிகத் தூரமான சில்லிலிருந்து தொடங்குங்கள். எங்கள் வாகனங்களில் மாஸ்ரர் வலப்பக்கம், ஆகவே முதலில் பின் இடது, பிறகு பின் வலது, முன் இடது, முன் வலது. சுமை வால்விலும் காற்று எடுக்கும் திருகு இருக்கிறது. அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், பெடல் பஞ்சுபோல் நிற்பதற்கு அதுதான் பாதிக் காரணம். ஒயிலைச் சின்னத் தகரத்தில் வாங்குங்கள், திறந்து வைத்த ஒயிலை ஊற்ற வேண்டாம். டொட் 3 காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்தத் தரத்துக்கான ஆகக் குறைந்த அளவு 140தான். கடற்கரையில் இருப்பவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் மாற்றியே ஆகவேண்டும்.

கேள்வி: அண்ணை, என்னுடையதும் எல்.என். 106தான். நெல் மூட்டை ஏற்றுவதற்காகப் பின் வில்லுக்கு (தகட்டு ஸ்பிறிங்) இரண்டு தகடு கூடப் போட்டிருக்கிறேன். ஷூ புதிது, டிறம் கடைந்தது, காற்றும் எடுத்தாயிற்று. ஆனாலும் பாரம் ஏற்றினால் பின் சில்லு பிடிப்பதே இல்லை, முன்பக்கம் குத்துகிறது. – முரசுமோட்டை வாசகர்

பதில்: உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. அந்த இரண்டு தகடுதான்.

மேலே சொன்ன சுமை வால்விலிருந்து ஒரு நீளக் கம்பி பின் அச்சுக்குப் போகிறது. குனிந்து பார்த்தால் தெரியும். வெறும் வாகனத்தில் பின்பக்கம் உயர்ந்து நிற்கும். அப்போது வால்வு பின் பிறேக்குக்குப் போகும் அமுக்கத்தைக் குறைக்கும், இல்லாவிட்டால் மழை வீதியில் பின் சில்லு பூட்டிக்கொண்டு வாகனம் சுழன்றுவிடும். மூட்டை ஏற்றினால் உடல் தாழும், கம்பி வால்வைத் தள்ளும், பின்னுக்குப் போகும் அமுக்கம் கூடும். நீங்கள் தகடு போட்டு வில்லை இறுக்கியதால் பாரம் ஏற்றினாலும் உடல் தாழ்வதில்லை. வாகனம் வெறுமையாக நிற்கிறது என்றே வால்வு கணக்குப் பண்ணுகிறது.

முதலில் வால்வு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். கம்பியைக் கழற்றிவிட்டு வால்வின் நெம்புகோலைக் கையால் அசைத்தால் அசைய வேண்டும். முப்பது வருடச் சேறு அதை இறுக்கிவிட்டிருக்கும். அசைந்தால், கம்பி பூட்டும் தாங்கியை உங்கள் புது உயரத்துக்கேற்ப மாற்றிப் பொருத்த வேண்டும். கண் மதிப்பில் செய்யாதீர்கள். பின்பக்கக் குழாயில் அமுக்க மானியைப் பூட்டிப் பார்த்துச் சரிசெய்யக்கூடிய ஒருவரிடம் கொடுங்கள். வால்வையே கழற்றி எறிந்துவிட்டு நேர்க் குழாய் போடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். பாரம் இறக்கிவிட்டு வெறும் வாகனத்தோடு திரும்பி வருகிற வழியில், ஈர வீதியில், அது உங்களைத் திருப்பிவிடும்.

டிறம் கடைந்ததாக எழுதியிருக்கிறீர்கள். சில்லோடு சுற்றும் உருளைதான் டிறம், ஷூ அதன் உட்சுவரில் அழுத்திப் பிடிக்கும். போகக்கூடிய உச்ச விட்டம் டிறத்திலேயே வார்க்கப்பட்டிருக்கும். வேர்னியரால் அளந்து பாருங்கள், அதைத் தாண்டியிருந்தால் அந்த டிறம் இனி உதவாது. இன்னொன்று: டிறத்தைத் திறந்ததும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். தண்ணீரால் நனைத்து, துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறியுங்கள்.

கேள்வி: ஒல்ரனேற்றர் மாற்றிய பிறகு பிறேக் கல்லுப்போல் இறுகிவிட்டது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா? – சாவகச்சேரி வாசகர்

பதில்: உண்டு. பெடலுக்குப் பலம் கூட்டும் பூஸ்ரர் வெற்றிடத்தில்தான் வேலை செய்கிறது. பெற்றோல் எஞ்சின் தானே வெற்றிடம் தரும், டீசல் தராது. அதற்காக இந்த எல் வகை எஞ்சின்களில் பற்றரியைச் சார்ஜ் பண்ணும் ஒல்ரனேற்றரின் பின்புறத்திலேயே வெற்றிடப் பம்ப் இருக்கிறது. உங்களுக்குப் பம்ப் பழுதான ஒல்ரனேற்றர் வந்திருக்கிறது, அல்லது அதன் ஹோஸ் சரியாகப் பூட்டப்படவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலை ஐந்தாறு தரம் மிதியுங்கள். பிறகு மிதித்துப் பிடித்தபடியே ஸ்ராட் பண்ணுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்ரர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் ஹோஸைக் கழற்றி விரலை வைத்துப் பாருங்கள், பம்ப் விரலை இழுக்க வேண்டும். அந்தப் பம்புக்கு எஞ்சின் ஒயில் போய் வருகிறது. அதன் குழாயைப் பூட்டாமல் ஓடினால் பம்பும் போகும், எஞ்சினில் ஒயிலும் போகும்.

கேள்வி: ஐயா, 3எல் எஞ்சின். காலையில் ஸ்ராட் வர வெகுநேரம் எடுக்கிறது, வெள்ளைப் புகை. ஓட ஓட நீலப் புகை. புகைப் பரிசோதனையில் தவறிவிட்டதால் வருமான அனுமதிப்பத்திரமும் எடுக்க முடியவில்லை. கராஜில் கொழும்பிலிருந்து றீகண்டிஷன் எஞ்சின் எடுத்துப் போடச் சொல்கிறார்கள். நானே வீட்டில் திருத்த ஏலுமா? – வவுனியா வாசகர்

பதில்: ஏலும். ஆனால் ஒரு போல்ற்றைக் கழற்ற முதல் அளந்து பாருங்கள்.

ஸ்ராட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்குகளைக் கழற்றி அந்தத் துவாரத்தில் அமுக்க மானியைப் பூட்டுங்கள். டீசலுக்குரிய மானியாக இருக்கவேண்டும், பெற்றோல் காருடையது தாங்காது. பம்பில் டீசலை நிறுத்தும் சொலனொயிட் வயரைக் கழற்றிவிட்டு ஸ்ராட்டரைச் சுற்றுங்கள். நல்ல எஞ்சினில் சதுர சென்ரிமீற்றருக்கு 32 கிலோ வரும். 20க்குக் கீழே போனால் எஞ்சினைத் திறக்கத்தான் வேண்டும். ஒரு சிலிண்டருக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் 5ஐத் தாண்டக்கூடாது. என் வாகனத்தில் ஒன்றாம், இரண்டாம், நாலாம் சிலிண்டர்கள் 25, 24, 25 காட்டின. மூன்றாவது சிலிண்டர் 15. அதற்குள் ஒரு கரண்டி ஒயில் விட்டுத் திரும்பச் சுற்றினேன், 22க்கு ஏறியது. ஒயில் விட்டு ஏறினால் பிழை பிஸ்டன் றிங்கில் அல்லது போரில் (சிலிண்டரின் உட்சுவர்). ஏறாவிட்டால் வால்வில் அல்லது ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையிலுள்ள கஸ்கட்டில்.

கழற்றினபோது மூன்றாவது பிஸ்டனின் மேல் றிங் பள்ளத்தோடு ஒட்டிப்போய்க் கிடந்தது. நான் சந்தோஷப்பட்டு றிங் வாங்கப் புறப்பட்டிருந்தால் ஆறு மாதத்தில் திரும்பக் கழற்றியிருப்பேன். அந்தச் சிலிண்டருக்கு டீசல் தூவும் நொசில் தூவாமல் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டிய டீசல் சுவரிலிருந்த ஒயிலைக் கழுவி, கரியையும் கட்டிவிட்டது. நாலு நொசிலையும் பம்ப் திருத்துபவரிடம் கொடுத்து அமுக்கத்தையும் தூவலையும் பார்க்காமல் எஞ்சினை மூடாதீர்கள்.

கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் வாங்கும் எஞ்சின் நன்றாகவும் வரலாம். ஆனால் அது எத்தனை தரம் கொதித்தது என்று அதன் வெளியைப் பார்த்துச் சொல்ல ஏலாது. வாங்கினாலும் திறந்து பார்க்கத்தான் வேண்டும். எஞ்சின் இலக்கம் மாறுவதால் பதிவுப் புத்தகத்தையும் மாற்ற வேண்டும். உங்கள் புளொக் வெடிக்கவில்லை என்றால் உங்களுடையதையே திருத்துங்கள் என்பது என் அபிப்பிராயம்.

வீட்டில் செய்யக்கூடியது கழற்றல், கழுவல், அளத்தல், பூட்டல். போர் வெட்டுவது, கிராங்க் கடைவது, ஹெட்டைச் சீர்ப்படுத்திப் பரிசோதிப்பது, பம்ப், நொசில் இவையெல்லாம் வெளியே. ஹெட்டை அமுக்கப் பரிசோதனைக்குக் கொடுக்காமல் ஒரு சதமும் வேறு எதற்கும் செலவழிக்க வேண்டாம். கொதித்த எல் எஞ்சின்களில் வால்வு இரண்டுக்கும் இடையில் வெடிப்பு இருக்கலாம். ஹெட் உதவாது என்று தெரிந்தால் உங்கள் கணக்கே மாறிவிடும்.

போர் தேய்ந்திருந்தால் 0.50 மில்லிமீற்றர் பெரிய பிஸ்டன் போடலாம். பிஸ்டன் செற்றை முதலில் வாங்கிக் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீற்றரால் அளந்து, அந்தந்தப் பிஸ்டனுக்கு அந்தந்தப் போரை வெட்டச் சொல்லுங்கள். பெட்டியில் எழுதிய இலக்கத்தைப் பார்த்து வெட்டி, பிறகு பிஸ்டன் இறுகிப்போன எஞ்சின்கள் இரண்டு என்னிடம் வந்திருக்கின்றன.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பது. போர் வெட்டி, உரைகல்லால் ஹோன் பண்ணின (தேய்த்து மெருகிட்ட) புளொக் வீட்டுக்கு வரும்போது சுத்தமாகத்தான் தெரியும். அந்தச் சுவரின் கீறல்களுக்குள் மாவுபோல உரைகல் தூள் இருக்கிறது. மண்ணெண்ணெயாலோ டீசலாலோ கழுவினால் அது போகாது, இன்னும் உள்ளே இறங்கும். சுடுதண்ணீரும் சவர்க்காரமும் தும்புப் பிரஷும் எடுத்துச் சட்டி தேய்ப்பதுபோல் தேய்க்க வேண்டும். பிறகு வெள்ளைத் துணியில் ஒயில் தொட்டுச் சுவரைத் துடையுங்கள். துணி சாம்பல் நிறமானால் திரும்பவும் சவர்க்காரம். நான் ஐந்து தரம் தேய்த்தேன், ஆறாவது துணிதான் வெள்ளையாக வந்தது. உடனே ஒயில் பூசிவிடுங்கள், அரை மணித்தியாலத்தில் துருப்பிடிக்கும்.

பூட்டும்போது ஒவ்வொரு றிங்கையும் அதன் போருக்குள் போட்டு, பிஸ்டனால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் தகட்டால் அளந்து பாருங்கள். கனெக்ரிங் றொட் மூடிகள் மாறிப் போகாமல் கழற்ற முதலே இலக்கம் குத்துங்கள். ஹெட் கஸ்கட் வாங்கும்போது ‘3எல் கஸ்கட்’ என்று மட்டும் கேட்டால் காணாது. பி, டி, எஃப் என்று மூன்று தடிப்பில் வருகிறது. பிஸ்டன் மேலே வரும்போது புளொக் முகத்துக்கு மேல் எவ்வளவு நீட்டுகிறது என்று டயல் கேஜால் அளந்துதான் எது என்று தீர்மானிக்க வேண்டும். மெல்லியதைப் போட்டால் பிஸ்டன் ஹெட்டில் தட்டும். தடித்ததைப் போட்டால் அமுக்கம் குறைந்து, காலையில் அதே வெள்ளைப் புகை. ஹெட் போல்ற்றுகளைக் கையேட்டிலுள்ள முதல் இறுக்கத்துக்கு ரோர்க் றெஞ்சால் இறுக்கி, தலையில் பெயின்ற் புள்ளி வைத்து, எல்லாவற்றையும் 90 பாகை திருப்பி, மறுபடி ஒரு 90 பாகை திருப்ப வேண்டும். நடுவிலிருந்து வெளியே போகும் ஒழுங்கில். வால்வு இடைவெளி குளிர்ந்த எஞ்சினில் உள்ளிழுப்புக்கு 0.20 முதல் 0.30 மில்லிமீற்றர், வெளியேற்றத்துக்கு 0.40 முதல் 0.50.

முதல் ஸ்ராட்டுக்கு முன் அந்தச் சொலனொயிட் வயரைக் கழற்றியபடி, ஒயில் விளக்கு அணையும்வரை இடைவெளி விட்டு விட்டுச் சுற்றுங்கள். அதன் பிறகு வயரைப் பூட்டுங்கள்.

கேள்வி: ரைமிங் பெல்ட் பார்க்க நன்றாக இருக்கிறது. மாற்றத்தான் வேண்டுமா? – மானிப்பாய் வாசகர்

பதில்: வேண்டும். கிராங்கோடு வால்வுகளை நேரம் தவறாமல் இயக்குவது அந்தப் பெல்ட்தான். 100,000 கிலோமீற்றருக்கு ஒரு தரம், இறுக்கும் உருளையோடு சேர்த்து. அறுந்தால் வால்வு பிஸ்டனில் அடிக்கும். டாஷ்போர்ட்டில் அதற்கென்று ஒரு விளக்கே இருக்கிறது. பழைய வாகனங்களில் அந்த பல்ப் எரிந்து போயிருக்கும், அதை நம்பி இருக்காதீர்கள்.

கேள்வி: ஐயா, கணவரின் பிக்கப் இரண்டு வருடமாகக் கொட்டிலுக்குள் நிற்கிறது. அவர் இப்போது இல்லை. விற்க மனமில்லை. எனக்குத் தையல் மெஷின் கழற்றிப் பூட்டத் தெரியும். மகனுக்கு 15 வயது. நாங்கள் இரண்டு பேரும் தொடங்கலாமா? – வாழைச்சேனை வாசகி

பதில்: தங்கச்சி, தையல் மெஷினின் நேரத்தைச் சரிசெய்யத் தெரிந்த கைக்கு இது புதிய வேலை அல்ல, பாரமான வேலை, அவ்வளவுதான். தொடங்குங்கள். எஞ்சினை இப்போது தொட வேண்டாம். பிறேக்கிலிருந்து தொடங்குங்கள்.

ஜக்கை மட்டும் நம்பி வாகனத்துக்குக் கீழே போகாதீர்கள். சீமெந்துப் புளொக் கல்லும் வேண்டாம், அது சொல்லாமல் நொறுங்கும். இரண்டு உருக்குத் தாங்கிகள் முதலில் வாங்குங்கள். மற்ற ஆயுதம் எல்லாம் பிறகு. ஒரு நேரத்தில் ஒரு சில்லை மட்டும் கழற்றுங்கள். மறுபக்கம் பூட்டியபடி இருந்தால் எந்த ஸ்பிறிங் எங்கே என்று அதைப் பார்த்தே பூட்டலாம். கழற்ற முதல் மகனைப் போனில் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

வேர்னியர் மகனுடைய கையில் இருக்கட்டும். பின் சில்லுகளில் ஷூவின் தடிப்பு, டிறத்தின் விட்டம், முன் சில்லுகளில் டிஸ்க்கின் தடிப்பு, இந்த அளவுகளை ஒரு கொப்பியில் எழுதி, வாகனத்தின் சேஸி இலக்கத்தின் முதல் எழுத்துகளோடு எனக்கு அனுப்புங்கள். எதை வாங்க வேண்டும், எதை வாங்க வேண்டாம் என்று அடுத்த இதழில் உங்களுக்கே முதலில் எழுதுகிறேன்.